தேங்காய்த் தொட்டியிலிருந்து செயலூட்டப்பட்ட கரியும் ஆற்றலும்: ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்
தேங்காய்த் தொட்டியைக் கரியாக்கும்போது வெளியேறும் புகை கழிவன்று, அது எரிபொருளாகும். அதன் ஆற்றலே செயலூட்டலுக்குப் போதுமானது என்பதைப் பொருள், ஆற்றல் கணக்கின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேங்காய்த் தொட்டி, வெப்பச்சிதைவு, செயலூட்டல், நுண்துளை, தாவரக் கழிவு.

முன்னுரை
காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களில் கொப்பரைத் தொழிலின் துணைவிளைவாகத் தேங்காய்த் தொட்டி பெருமளவில் கிடைக்கிறது. அதனைக் குழியிலிட்டுக் கரியாக்கிச் செயலூட்டும் ஆலைகளுக்கு அனுப்புவது வழக்கம். இம்முறையில் எழும் புகை காற்றையும், கரியை அணைக்கும் நீர் நிலத்தடி நீரையும் கெடுப்பதாக அருகிலுள்ள உழவர்கள் முறையிடுகின்றனர். எனவே, இது வேதியியல் சிக்கல் மட்டுமன்று, வாழ்வியல் சிக்கலுமாகும்.

மூலப்பொருளின் தகுதி
தொட்டி அடர்த்தியானது, லிக்னின் மிகுந்தது, அதன் சாம்பல் ஏறத்தாழ 1 விழுக்காடே. ஆகவே, உறுதியான, நுண்துளை மிகுந்த கரி கிடைக்கிறது. மாறாக, நெல் உமியில் சாம்பல் 15 முதல் 20 விழுக்காடு வரை உள்ளது; அதிற் பெரும்பகுதி சிலிக்கா. எனவே, உமியை உலை எரிபொருளாக்குவதே எளிது. எல்லாத் தாவரக் கழிவும் ஒரே பயனுக்கு உரியதன்று.

கரியாக்கமும் செயலூட்டலும்
காற்றுக் குறைந்த சூழலில் 400 முதல் 600 பாகை செல்சியசு வரை சூடேற்றினால், 100 கிலோ தொட்டியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோ கரி கிடைக்கும். எஞ்சியவை தார், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் முதலியனவாக வெளியேறும். இக்கரியின் துளைகள் பெரிதும் அடைபட்டிருக்கும். 800 முதல் 1,000 பாகை வெப்பநிலையில் நீராவியைச் செலுத்தினால், கார்பனின் ஒரு பகுதி நீராவியுடன் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் உருவாகி, துளைகள் திறக்கும். அப்போது ஒரு கிராம் கரியின் பரப்பு 1,000 சதுர மீட்டர் அளவை எட்டும். வினை எல்லை மீறினால் துளைச்சுவர்கள் அழிந்து விளைச்சலும் குறையும்.

ஆற்றல் கணக்கு
தொட்டியின் வெப்ப மதிப்பைக் கிலோவுக்கு 19 மெகாஜூல் எனவும், கரியின் மதிப்பை 30 மெகாஜூல் எனவும் கொள்வோம். 100 கிலோ தொட்டியில் 1,900 மெகாஜூல் உள்ளது; 30 கிலோ கரியில் தங்குவது 900 மெகாஜூல். மீதி 1,000 மெகாஜூல் குழியிலிருந்து புகையாகவும் வெப்பமாகவும் வீணாகிறது.

செயலூட்டல் ஒரு வெப்பங்கொள் வினை. ஒரு மோல் கார்பனுக்கு 131 கிலோஜூல் தேவை. கரியில் பாதி, அதாவது 15 கிலோ, வினைபுரிந்தால் தேவைப்படும் வெப்பம் ஏறத்தாழ 164 மெகாஜூல். நீராவியாக்கலையும் உலை இழப்பையும் சேர்த்தாலும், வீணாகும் ஆற்றல் இத்தேவையை நிறைவுசெய்யும். மேலும், வினையில் பிறக்கும் வாயுக்களை எரித்தால் மோலுக்கு ஏறத்தாழ 525 கிலோஜூல் திரும்பக் கிடைக்கும்.

முடிவுரை
இலங்கையின் படல்கமவிலுள்ள ரெகோஜன் ஆலை, கரியாக்கத்தில் எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்கிறது. ஆகவே, மூடிய உலை என்பது கருத்தளவிலான வழி மட்டுமன்று. கரியாக்கமும் செயலூட்டலும் தனித்தனி இடங்களில் நிகழும் வரை, ஓரிடத்தில் ஆற்றல் புகையாகும். மற்றோரிடத்தில் அதே ஆற்றலுக்கு எரிபொருள் வாங்கப்படும். இரண்டையும் ஓர் ஆலையில் இணைத்தல் ஆற்றலையும் அருகில் வாழ்வோரின் காற்றையும் ஒருங்கே காக்கும். தார் கலந்த நீரைத் தூய்மையாக்குவது மட்டும் தனியே கவனிக்கப்பட வேண்டிய பணியாகும்.