வேஷம் கட்டிய காலம் – 9: உள்ளே யார் என்று ஊருக்கே தெரியும்

சென்ற வாரம் ஐரோப்பாவில் இருந்தோம். 1916-ல் சூரிச் நகரின் கபரே வோல்தேரில் ஹியூகோ பால் அட்டைக் குழாய்களை உடம்பில் மாட்டிக்கொண்டார். நடக்க வழியில்லாமல் அவரைத் தூக்கித்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1922-ல் ஸ்டுட்கார்ட்டில் ஆஸ்கர் ஷ்லெம்மர் அரங்கேற்றிய பாலேயில் ஆடியவர்கள் மூன்றே பேர், உடைகள் பதினெட்டு. 1929 பிப்ரவரியில் டெஸ்ஸாவின் பௌஹவுஸ் பள்ளியில் நடந்த உலோக விழாவுக்கு வந்தவர்கள் சறுக்குப் பாதையில் வழுக்கி உள்ளே இறங்கினார்கள். போரில் மனித உடல் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு வந்த தலைமுறை அது. உள்ளே இருக்கும் ஆளை உடை விழுங்கிவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் காவிரிக் கரையில் வேஷம் நேர்எதிரான நம்பிக்கையில் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பவர் யார் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்திருந்தால்தான் வேஷம் எடுபடும் என்பது அந்த நம்பிக்கை. அதைத்தான் இந்த வாரம் நிறுவப் பார்க்கிறேன்.

திருவரங்கத்திலிருந்து தொடங்குவோம். மார்கழியில் பகல் பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில், அதாவது மோகினி அலங்காரத்தில், அர்ச்சுன மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். புராணத்தில் மோகினி வேடம் அசுரர்களை ஏமாற்ற எடுத்தது. கோயிலில் ஏமாறுவதற்கு யாரும் வருவதில்லை. வரிசையில் கால் கடுக்க நிற்பவர்கள் பெருமாளைச் சேவிக்கத்தான் நிற்கிறார்கள். பெண் கோலத்திலும் அவர் அவராகவே இருப்பதுதான் அவர்களுக்குப் பரவசம். ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவையோ இதற்கு மறுபக்கம். கூம்பு போல உயர்ந்த குல்லாய், கையில் தாளம், அவ்வளவுதான் அரையரின் கோலம். முத்துக்குறியில் அதே கோலத்தோடு அவர் காதல் நோயில் வாடும் மகளாகிறார், கவலைப்படும் தாயாகிறார், முத்துகளைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியாகிறார். குல்லாய் மாறுவதில்லை, புடவை இல்லை. அந்த மகள் பரகால நாயகி. பரகால நாயகியாகப் பாடியவரோ திருமங்கை மன்னன். இராப்பத்தில் வேடுபறியன்று பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடிக்கும் அதே ஆழ்வார். அரையர், ஆழ்வார், நாயகி என்ற மூன்று பேரையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருப்பவருக்கே முத்துக்குறி முழுதாகப் புரியும். ஒருவர் மறைந்தாலும் சுவை போய்விடும்.

கோயில் அலங்காரம் வழிபாடு, நாடகம் பிழைப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கவில்லை. பார்த்த கண்களைப் பற்றித்தான் பேசுகிறேன். உற்சவத்தில் சேவித்த கண்கள்தான் ஆற்றைக் கடந்து வந்து கொட்டகையிலும் உட்கார்ந்தன. ரயில்வே அதிகாரியான எஃப். ஜி. நடேச ஐயர் 1914-ல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவினார்; சிறுவன் தியாகராஜனை அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக்கினார். அவர்தான் பின்னாளில் எம். கே. டி. பாகவதர். முப்பதுகளில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடக கம்பெனி திருச்சியில் முகாமிட்டபோது சங்கிலியாண்டபுரத்துச் சிறுவன் கணேசன் அதில் சேர்ந்தான். பின்னாளில் சிவாஜி என்று பெயர் பெற்ற அவருக்கு அங்கே கிடைத்த முதல் வேஷம் சீதை. பாய்ஸ் கம்பெனி என்று தெரிந்தே டிக்கெட் வாங்கியவர்கள், சீதை பையன்தான் என்பதை அறிந்தே அவளுக்காகக் கண் கலங்கினார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால்தானே பையன்களுக்குப் புடவை கட்டினார்கள், இதில் கலை எங்கே வந்தது என்பது அது. பாதி உண்மை. வீட்டைவிட்டு வந்த சின்னப் பிள்ளைகள் கம்பெனி வீட்டில் அடிபட்டு வளர்ந்ததை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு மனம் வராது. மேடையேறிய பெண்களை ஊர் என்னென்ன பேசியது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் பெண்கள் இல்லாத குறைதான் காரணம் என்றால், பெண்கள் வந்ததும் மாற்று வேஷம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி சிறுமியாக இருந்தபோதே திருச்சியில் நாடகத்துக்கு வந்துவிட்டார். கொடுமுடியின் கே. பி. சுந்தராம்பாளோ எதிர்த் திசையில் போனார்; ராஜபார்ட் எனப்படும் ஆண் நாயக வேஷங்களைக் கட்டினார். 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடிக்க அவருக்குக் கொடுத்த தொகை ஒரு லட்ச ரூபாய். சுந்தராம்பாள் என்பது தெரியாமல் போகட்டும் என்று எந்த முதலாளியாவது ஒரு லட்சம் கொடுப்பாரா? அந்தக் குரலும் அந்தப் பெயரும் வேஷத்துக்குள்ளிருந்து வெளியே தெரிய வேண்டும் என்பதற்கே அந்தப் பணம்.

ஷ்லெம்மர் கேட்ட கேள்வியை, உடல் என்பது என்ன என்ற கேள்வியை, நம் கொட்டகைகள் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம்மவர்கள் கையாண்டது வேறொரு திறமை. அதன் ஆயுளும் நீண்டது. நாற்பதுகளில் டி. கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்து ‘அவ்வை’ என்ற பட்டத்தையே பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1953-ல் எஸ். எஸ். வாசன் அதே ஔவையைப் படமாக்கியபோது, அந்த வேஷத்தைத் தேடிப்போய்க் கொடுத்தது முன்பு நந்தனாராக நின்ற சுந்தராம்பாளிடம்.

(தொடரும்)