பனிமூட்டத்தில் கேட்கும் இரண்டு சத்தம்

ஜனவரியில் தில்லியிலிருந்து ரயிலில் ஊர் போய் வந்த நம் சங்க நண்பர்கள் சிலர், "ராத்திரி ஏதோ படபடவென்று வெடித்ததே, என்ன சார் அது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பயப்பட வேண்டாம். தண்டவாளத்தில் ரயில்வேக்காரர்களே வைத்ததுதான். அதற்கு டெட்டனேட்டர் என்று பெயர். இந்தப் பக்கத்துத் தொழிலாளிகள் 'படாகா' என்பார்கள்.

பார்வைக்குச் சின்ன ஷூ பாலிஷ் டப்பி மாதிரி இருக்கும். திரி கிடையாது. உள்ளே வெடிமருந்தும், நசுங்கினால் பொறி தட்டும் கேப்புகளும் உண்டு. பக்கத்தில் உள்ள பட்டையைத் தண்டவாளத்தின் தலையைச் சுற்றி மடக்கிவிட்டால் டப்பி நகராது. சக்கரம் ஏறியதும் வெடிக்கும். பனியில் சிக்னல் கண்ணுக்குத் தெரியாது. அது நெருங்குகிறது என்பதை டிரைவருக்குக் காது வழியே சொல்கிற ஏற்பாடு இது. 1841-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் கௌப்பர் என்பவர் கண்டுபிடித்தது. இப்போது ஜி.பி.எஸ். கருவி எஞ்சினுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனாலும் இந்த டப்பியை நன்றாக அறிந்திருப்பது அவசியம்.

சிக்னலுக்குக் குறைந்தது 270 மீட்டர் முன்னால், 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு வைக்க வேண்டும். ஒன்று வெடிக்காமல் போனாலும் மற்றொன்று சொல்லிவிடும். லைனில் தடை இருந்தால் கணக்கு வேறு. அகலப் பாதையில் தடையிலிருந்து 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் மூன்று.

ஆபத்து எங்கே என்றால், இதை வைக்கிறவரின் கையில். பனி சிக்னல்மேன் ராத்திரி முழுக்கத் தனியாக நிற்பார். ஒவ்வொரு வண்டி போன பிறகும் புதிதாக இரண்டு வைக்க வேண்டும். முதல் வண்டிக்கு எல்லோருமே ஜாக்கிரதையாக இருப்பார்கள். பத்தாவது வண்டிக்குக் கை தானாக வேலை செய்யும், மனம் வீட்டுக்குப் போய்விடும். பி.டபிள்யூ.ஐ. வேலையில் நான் அதிகம் கவனித்தது இந்தப் பத்தாவது வண்டியைத்தான்.

நல்ல ஆட்கள் பெட்டியிலிருந்து இரண்டே இரண்டு எடுப்பார்கள். விளக்கைத் தூக்குவதற்கு முன் மூடியைச் சாத்திவிடுவார்கள். சாவியோ ஸ்பேனரோ கிடக்கும் பையில் டப்பியைப் போடமாட்டார்கள். பட்டையைக் கையால்தான் மடக்குவார்கள், சுத்தியல் கூடாது. லேபிள் மேல்பக்கம் தெரிய வேண்டும். வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள், ஏனெனில் தகரம் துண்டாகச் சிதறும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிவிட்டு முதலிலிருந்து எண்ணுவார்கள். இதை மந்தம் என்று சிரித்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த மந்தம் பிடிக்கும்.

மிகப் பெரிய எதிரி அங்கீட்டி. குளிருக்குக் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு, பெட்டியையும் ஈரம் படாமல் இருக்கட்டும் என்று பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார்கள். எண்ணம் நல்லதுதான், இடம்தான் தவறு. ஈரம் ஆகாது என்பது உண்மை. செங்கல் சுவரில் ஒட்டி வைக்கக்கூடாது, பிளீச்சிங் பவுடர் பக்கத்திலும் கூடாது. தயாரித்த மாதமும் வருடமும் டப்பியின் மேலேயே அச்சிட்டிருக்கும். பழையதை முதலில் செலவழிக்க வேண்டும். வருடம் ஒருமுறை ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றைக் காலி வேகனுக்கு அடியில் வெடித்துப் பார்ப்பது வழக்கம்.

டூட்டி முடிந்ததும் மிச்சத்தை எண்ணி ரிஜிஸ்டரோடு ஒத்துப்பார்ப்பது வெறும் கணக்குக்காக அல்ல. சட்டைப் பையில் மறந்த ஒன்று குவார்ட்டர்ஸுக்குப் போனால், மறுநாள் அது குழந்தை கையில் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கல்லால் தட்டிப் பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். திறந்து பார்க்க முயல்வது பெரியவர்களுக்கும் ஆபத்தே.

லைன் ஓரம் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். தண்டவாளத்தருகே பட்டை வைத்த தகர டப்பி கிடந்தால் தொடவோ மிதிக்கவோ வேண்டாம். கேட்மேனிடமோ ஸ்டேஷனிலோ சொல்லுங்கள், அல்லது 139-க்குப் போன் செய்யுங்கள்.