மலைச்சாலை வண்டிகள் – 9: பானட்டுக்குள் என்ன நிறம்?

நாம் ஜீப் என்கிறோம். அமெரிக்க ராணுவத்தின் காகிதங்களில் அதன் பெயர் கால் டன் டிரக். 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டுமாக 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். போர் முடிந்து, 1947-ல் மஹிந்திரா அதைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பழனி மலையில் பழைய ஜீப் என்றால் பலருக்கும் கண்ணில் நிற்பது அந்த வம்சத்தில் வந்த சிஜே-3பி. அதன் பானட் அப்படி உயர்ந்து நிற்பது அழகுக்காக அல்ல. அதிலிருந்த ஹரிகேன் என்ஜினில் இன்டேக் வால்வுகள் மேலே ஹெட்டுக்குள் போனதால் என்ஜின் உயரமாயிற்று, பானட்டும் கூடவே ஏறிக்கொண்டது.

இந்த வம்சத்து வண்டிகள் இன்னும் ஓய்வு பெறவில்லை. பூம்பாறையில் பூண்டு மூட்டை, மன்னவனூரில் கேரட், தாண்டிக்குடியில் காப்பியும் வாழையும் என்று ஏதோ ஒன்றை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பல வண்டிகளில் பெட்ரோல் என்ஜின் போய் டீசல் வந்துவிட்டது. ஆனால் என்ஜினைச் சுற்றியிருக்கும் தகரம் அதேதான். சென்ற வாரம் என்ஜினைக் கழற்றி இறக்கியதோடு நிறுத்தியிருந்தோம். அந்தத் தகரத்தைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. என்ஜினைத் திரும்ப உட்காரவைத்துவிட்டால், பிறகு எந்த பெயின்டருக்கும் அங்கே கை நுழையாது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கருப்பு. மேட் பிளாக் அடித்தால் சுத்தமாகத் தெரியும், அழுக்குத் தெரியாது என்பார்கள். விற்கப்போகிற வண்டிக்கு அது நல்ல யோசனை. வைத்து ஓட்டப்போகிற வண்டிக்கு அதைவிட மோசமான யோசனை இல்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை இரண்டாவது கியரிலும் மூன்றாவதிலுமாக முக்கிக்கொண்டு ஏறுகிற என்ஜின், எங்காவது ஒரு கேஸ்கட் வழியே கசியத்தான் செய்யும். வெளிர் நிறத்தில் அது அப்படியே கதை சொல்லும். கூலன்ட் காய்ந்தால் வெளுத்த கோடு, என்ஜின் ஆயில் என்றால் பழுப்புக் கறை, டீசல் என்றால் ஈரத்தில் ஒட்டிய தூசி. கொடைக்கானலில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. மூடியைச் சுற்றி வெளுத்த கறை தெரிந்தால் மலை ஏறுவதற்கு முன்பே மாற்றிவிடலாம். கருப்பில் கூலன்ட் கறையாவது கொஞ்சம் தெரியும். ஆயில் தெரியவே தெரியாது.

ஆகவே என் ஓட்டு பாடியின் நிறத்துக்கே, அதுவும் பளபளப்பாக. கம்பெனியிலும் பாடித் தொட்டியும், என்ஜினுக்குப் பின்னால் நிற்கும் ஃபயர்வாலும் ஒரே நிறத்தில்தான் வந்தன. ராணுவ வில்லிஸில் என்ஜினுக்குக்கூட அதே பச்சை. ஃபோர்டு செய்த ஜீப்பில் என்ஜின் சாம்பல் நிறம். ஒரிஜினல் பச்சையே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்: 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

மேட் ஏன் கூடாது? அதன் மேற்பரப்பு சொரசொரப்பு. எண்ணெய்ப் பிசுக்கை இழுத்து வைத்துக்கொள்ளும், துணியால் துடைத்தால் போகாது. பளபளப்பு ஒரே துடைப்பில் போய்விடும். ரப்பர் மாதிரி தடிமனாக அடிக்கும் கருப்பு அண்டர்கோட்டிங்கையும் சிலர் என்ஜின் பக்கம் அடிக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். ஓரத்தில் எங்காவது பிளந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வராது. மேலே தொட்டால் மெத்தென்று இருக்கும், கீழே தகரம் இருக்காது.

அடுத்த கேள்வி, எந்த பெயின்ட். பவுடர் கோட்டிங் அழகானது, கெட்டியானது. ஆனால் 180, 200 டிகிரி அடுப்பில் சுட்டு எடுக்க வேண்டும். பேட்டரி ட்ரே, பிராக்கெட்டுகள் போன்ற சின்னச் சாமான்களுக்குச் சரி. முழுத் தொட்டியைக் கழற்றி அடுப்புக்குள் தூக்கி வைக்கிற வசதி எத்தனை பேருக்கு உண்டு? டூகோ என்று நம் ஊரில் சொல்லும் என்.சி. பெயின்ட் சட்டென்று காயும், ஆனால் தின்னர் பட்டால் கரைந்துவிடும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. பெயின்ட்தான் பெட்ரோல், டீசல், ஆயில் எல்லாவற்றையும் தாங்குவது. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்க்கிறோம். துண்டு அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி வேண்டும். அது இல்லாத பட்டறையில் பி.யு. கேட்காதீர்கள்.

மிச்சமிருப்பது எனாமல். மெதுவாகக் காயும், அதுதான் பெரிய குறை. என்ஜினை ஏற்றும் முன் ஒரு வாரமாவது விட வேண்டும். ஆனால் ஸ்பேனர் பட்டுச் செதில் பெயர்ந்தால், ஹார்டுவேர் கடையில் கால் லிட்டர் வாங்கி நீங்களே பிரஷ்ஷால் தொட்டுவிடலாம். ஓடுகிற வண்டிக்கு இந்த வசதி பெரிது. காட்சிக்கு நிற்கிற வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

எந்த பெயின்ட் ஆனாலும் அடியில் எபாக்ஸி பிரைமர் போடச் சொல்லுங்கள். ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டு, பெயின்டர் வரும்வரை வண்டியை மூன்று வாரம் வெளியே நிறுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. ரெட் ஆக்ஸைடு ஈரத்தை உறிஞ்சும். சிவப்புக்கு அடியிலேயே சிவப்பாகத் துரு பிடிப்பது யாருக்கும் தெரியாது.

அதற்கும் முன்னால் கழுவல். மழைக்காலத்துக்கு முன் அடிப்பாகத்தில் பழைய என்ஜின் ஆயிலை அடித்துவைக்கும் பழக்கம் மலையில் உண்டு. துருவுக்கு அது நல்ல மருந்து, பெயின்டுக்கு விஷம். டீசலில் ஊறவைத்து, சோப்பு ஆயில் போட்டுக் கழுவி, காய்ந்தபின் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைக்க வேண்டும். பேட்டரி ட்ரேயின் அடியையும், ஃபயர்வால் தரையோடு சேரும் மூலையையும் விரலால் தடவிப் பாருங்கள். இங்கே கடல் உப்பு கிடையாது, துருவைக் கொண்டுவருவது தேங்கிய சேறும் பைன் ஊசிகளும்தான். ஆசிட் வழிந்த இடத்தைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவாமல் பெயின்ட் அடித்தால் கொப்பளித்துக்கொண்டு வரும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு இவை எதுவும் ஆகாது. 600 டிகிரி வரை தாங்கும் ஹீட் ரெசிஸ்டன்ட் அலுமினியம் பெயின்ட் தனியாக வாங்க வேண்டும்.

இனி இடமும் காலமும். பெயின்ட் அடிக்கும்போது தகரத்தின் சூடு, காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் மேகம் பட்டறைக்குள்ளேயே நுழைந்துவிடுகிற கொடைக்கானலில் இது நடக்காத காரியம். டூகோ அடித்தால் கண்ணெதிரே வெள்ளை பூத்துவிடும். எபாக்ஸிக்கு வேறு பிரச்சினை. 10 டிகிரிக்குக் கீழே போனால் அது இறுகுவதே நின்றுபோகும். டிசம்பர், ஜனவரி இரவுகள் அப்படித்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு வெயில் வாரம் பார்த்து அடியுங்கள். பொறுக்க முடியாதவர்கள் வண்டியை லாரியில் ஏற்றி வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறக்குவதுதான் வழி. லாரி வாடகையை மிச்சம் பிடிப்பவர்கள் இரண்டாவது முறை பெயின்டுக்குக் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று. என்ஜின் எண், சேசிஸ் எண் பொறித்த இடங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயின்டரை வண்டியைத் தொட விடுங்கள். அங்கே பட்டியும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பது அந்த எழுத்துகளைத்தான். அவை படியில் விழாவிட்டால், உள்ளே என்ன நிறம் அடித்திருந்தாலும் வண்டி ரோட்டுக்கு வராது.