மைனருக்கு ஏன் இந்த முறுக்கு?

பெயரே மைனர். முறுக்கிக் கொள்ளாமல் இருக்குமா? 1948-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்று பேர் வாங்கிய மோரிஸ் மைனரைத்தான் சொல்கிறேன். வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ்தான் பிற்பாடு 'மினி'யையும் செய்தவர். எடை முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேல். ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். நியாயமாக லேசாகத் திரும்ப வேண்டிய வண்டி.

எங்கள் வீட்டு மைனரோ, பனகல் பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தோள்பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும்!

யோசனைக்கா பஞ்சம்? "பெரிய ஸ்டீயரிங் வீலா மாட்டுடா" என்றான் ஆபீஸ் நண்பன். (மாட்டினால் லேசாகும், வாஸ்தவம். நோய் உள்ளேயே இருக்கும்.) "வித்துடுங்க மாப்ளே" என்றார் மாமனார்.

புதுப்பேட்டைப் பெரியவர் ஒருவர் வந்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. டயரில் காற்றைப் பார்த்தார். சரியாக இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினார்.

"அந்தரத்துல லேசாயிட்டா டயர் கோளாறு சார். தூக்கியும் முரண்டு புடிச்சா உள்ளே கோளாறு."

பிடித்தது.

டை ராடு எண்டு இரண்டையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக அசைத்தார். ராக் வழவழவென்று ஓடியது. இடது சக்கரமும் சொன்னபடி கேட்டது. வலதுதான் மைனர்!

மைனரில் சக்கரம் திரும்புவது மேலும் கீழும் மரை போட்ட ஒரு பின்னில். பக்கத்துக்கு இரண்டு கிரீஸ் நிப்பிள். வலப்பக்கம் கீழ் நிப்பிள் மேல் எந்தப் புண்ணியவானோ பெயிண்ட் அடித்திருந்தார். உள்ளே கிரீஸ், பெருங்காயக் கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. துடைத்துப் பார்த்தால் மரை பாதி காணோம்.

"முழுசாத் தேஞ்சா பின் கழண்டுக்கும் சார். சக்கரம் மடங்கிப் படுத்துடும்."

"ஓடும்போதா?"

"நிக்கும்போது படுத்தா யாரு கவலைப்படப் போறா?"

மறுநாள் ஞாயிறு. மனைவி, குழந்தைகளோடு மகாபலிபுரம் போவதாக இருந்தோம். பஸ்ஸில் போனோம்.

இந்தக் காருக்கு இங்கிலாந்தில் இன்னமும் புது ஸ்பேர் செய்து விற்கிறார்கள். மூன்று வாரத்தில் பார்சல் வந்தது. பின்னை மாற்றியதும், சக்கரம் தொங்குகிறபோதே கிரீஸ் அடித்தார் பெரியவர். பாரம் அழுத்தினால் உள்ளே இறங்காதாம். பழைய கறுப்பு பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கும்வரை விடவில்லை. ராக்குக்கு மட்டும் கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். கடைசியில் அலைன்மென்ட்: முன் சக்கரங்கள் முன்பக்கம் 3/32 அங்குலம் உள்ளே பார்க்க வேண்டும்.

ஒரு கையால் திருப்பிப் பார்த்தேன். திரும்பியது!

பெரியவர் கையைத் துடைத்துக் கொண்டே கேட்டார்: "பிரேக்கை எப்ப சார் பார்க்கறது?"