கையெழுத்துப் போடும் முன் விசாரித்தேன்



இந்த வருடம் என் மூத்த பெண் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வாரமே ஒரு படிவத்தோடு வந்து, "அம்மா, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., யூத் ரெட் கிராஸ், இதுல ஏதாவது ஒண்ணுல சேரணுமாம். நான் என்.சி.சி.ல சேரட்டுமா?" என்றாள். பட்டாபிராமில் மிலிட்டரிக்காரர்களைப் பார்த்தே வளர்ந்தவள், ஆசை இருக்காதா?

"வெயில்ல பரேடு பண்ணி கறுத்துப் போயிட்டா நாளைக்கு யார் வந்து பெண் கேட்பா?" என்றார் மாமியார். "வெளியூர் கேம்ப்புக்கெல்லாம் அனுப்ப முடியாது" என்றார் என் கணவர். நானும் வேண்டாம் என்றுதான் சொல்ல இருந்தேன். நான் பிளஸ் டூ படித்தபோது என்.எஸ்.எஸ். முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். என் அப்பா என்ன, ஏது என்று கேட்காமலே கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். போய் வந்த தோழிகளின் கதையை அந்த வருஷம் முழுக்க வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுப்பதானாலும் விசாரித்துவிட்டு மறுப்போம் என்று, எதிர் வீட்டில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என்.சி.சி. பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன்.

என்.எஸ்.எஸ். 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, கிராமத்தில் ஏழு நாள் முகாம். வகுப்பில் வாய் திறக்காத பெண்கூட அங்கே போனால் நாலு பேரிடம் பேசக் கற்றுக்கொள்வாள் என்றாள். ரெட் கிராஸ் என்றால் முதலுதவி, ரத்ததான முகாம் ஏற்பாடு. ரத்தம் கொடுக்க 18 வயது ஆகியிருக்கணும், 45 கிலோவாவது எடை வேண்டும். என் பெண் 42 கிலோ! (முருங்கைக்கீரையைத் தட்டில் ஒதுக்கினால் வேறென்ன?)

என்.சி.சி.தான் கஷ்டமானது. ஓட வைத்துத்தான் எடுப்பார்கள், இடமும் கொஞ்சம். இரண்டு வருடத்தில் 'பி' சான்றிதழ், மூன்றாம் வருடம் 'சி'. அதனால் முதல் வருடமே சேர்ந்தாக வேண்டும். 'சி'யில் நல்ல கிரேடும் டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால், கல்யாணம் ஆகாத பெண்கள் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாமாம். பரங்கிமலையில் பெண்களும் அதிகாரிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் 'சொராரிட்டி' என்று சங்கம் வைத்திருப்பார்களாம். சந்தா கட்டி, சடங்கு செய்து சேர்ந்தால் ஆயுசுக்கும் அக்கா தங்கை. நம்ம துளசேந்திரபுரத்து வழி வந்த கமலா ஹாரிஸ்கூட, 1908-ல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சங்கத்துக்காரர்தானாம். இங்கே அப்படி இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர் உண்டு. சீனியர்கள் தனியாக "எங்க குரூப்புக்கு வா" என்று கூப்பிட்டால் மட்டும், பொறுப்பு யார் என்று முதலில் கேட்கச் சொன்னாள். ராகிங் 1997 முதலே நம் மாநிலத்தில் சட்டப்படி குற்றம்.

கடைசியாகத் தயங்கித் தயங்கி, "மாதவிடாய் நாளில்?" என்றேன். "மேடத்துகிட்ட சொன்னா உட்கார வைப்பாங்க ஆன்ட்டி" என்று சிரித்தாள். பெண்கள் முகாமில் பெண் அலுவலர் கூடவே இருப்பார்களா என்று கல்லூரிக்கே போய் என் கணவர் கேட்டு வந்தார். திரும்பி வந்தவர் ஒன்றும் பேசாமல், "பேனா எங்கே?" என்றார்.

ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி வந்தும் எப்படியோ எடுத்துவிட்டார்கள். முதல் பரேடிலேயே பூட்ஸ் கடித்துக் குதிகாலில் கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவிவிட்டது என் மாமியார்தான். "கறுத்துத்தான் போயிட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே.

- ஒரு வாசகி, பட்டாபிராம்