ஆய்வு மையத்துக்கு மார்க் போடுவது எப்படி?

நமக்கு மார்க் போட செமஸ்டர் இருக்கு, இன்டர்னல் இருக்கு, கடைசியில் சிஜிபிஏன்னு ஒரு நம்பரும் இருக்கு. சரி, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இயங்கும் ஒரு ஆய்வு மையத்துக்கு யார் மார்க் போடுவது? எதை வைத்துப் போடுவது?

அதிலும் புவி அறிவியல் மையம் என்றால் இன்னும் சிக்கல். நிலத்தடி நீர், வெள்ளம், கடலரிப்பு, பாறை, மண் என்று அங்கே ஆராயப்படும் விஷயங்கள் எதுவும் நம் மார்ச் 31 கணக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பவை கிடையாது. ஆனால் வருஷ அறிக்கை மட்டும் வருஷா வருஷம் கொடுத்தே ஆகணும்.

"இதை நான் ஏன் படிக்கணும்?" என்று கேட்கிறீர்களா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், எம்.இ., பிஎச்.டி. என்று ஏதாவது ஒரு மையத்தின் கதவைத் தட்டப் போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். அது நல்ல மையமா என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு காரணம் நம்ம ஏரியாவிலேயே இருக்கிறது.

திருமுடிவாக்கத்திலிருந்து பார்த்தால்

மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கும்போது டிவியில் ஓடும் எச்சரிக்கையைக் கவனித்திருப்பீர்கள். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று வரிசையாக ஊர்ப் பெயர்கள் வரும். ஏரியின் உபரி நீர் இந்த ஊர்களின் ஓரமாகத்தான் போய் அடையாற்றில் சேர்கிறது.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பின் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், ஐஐடி மெட்ராஸ், ஐஐடி பாம்பே, அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து 'சி-ஃப்ளோஸ்' என்ற சென்னை வெள்ள எச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. மழைக் கணிப்பு, ஏரி, ஆறு, கடல் மட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே வரைபடமாகச் சொல்வது அதன் வேலை. 2019-ல் அது தொடங்கி வைக்கப்பட்டது. வெள்ளத்துக்கும் தொடக்க விழாவுக்கும் நடுவே நாலு வருஷம்.

இப்படி ஒரு வேலையின் முதல் வருஷத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தரை மட்டம் அளக்கணும். ஆற்றின் குறுக்குவெட்டு எடுக்கணும். பழைய மழைக் கணக்குகளை ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கணும். "இந்த வருஷம் எத்தனை பேப்பர் போட்டீங்க?" என்று கேட்டால் பதில் பூஜ்யமாகக்கூட இருக்கலாம். அதற்காக அந்த மையம் ஃபெயிலா?

இப்போது எப்படி அளக்கிறார்கள்?

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை நமக்கெல்லாம் தெரியும். 2015-ல் அறிவித்து, 2016-ல் முதல் பட்டியல் வெளியானது. பொறியியல் பிரிவில் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, எல்லாத் தரப்பு மாணவர்களையும் சேர்ப்பதற்கு 10, வெளியாட்களின் மதிப்புக்கு 10 என்று மொத்தம் 100. அந்த ஆராய்ச்சி 30-க்குள் பெரும்பங்கு ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும் அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டும் சைட்டேஷன்களுக்கும் போகிறது. காப்புரிமையும் ப்ராஜெக்ட் வருமானமும் மிச்சத்தைப் பிரித்துக்கொள்கின்றன.

இது முழுக் கல்லூரிக்குமான அளவுகோல். ஆனால் மேலே எதற்கு மார்க் இருக்கிறதோ அதைத்தானே கீழே இருக்கும் துறைகளும் மையங்களும் துரத்தும்? சிலபஸில் இல்லாததை நாம் படிப்போமா, சொல்லுங்க.

நாலு படிகள்

எந்த மையத்தின் வருஷத்தையும் நாலு படியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

உள்ளீடு: எவ்வளவு நிதி, எத்தனை ஆட்கள், என்னென்ன கருவிகள்.
வெளியீடு: கட்டுரைகள், பிஎச்.டி. முடித்தவர்கள், வரைபடங்கள், தரவுத் தொகுப்புகள்.
விளைவு: அந்த வெளியீட்டை யாராவது எடுத்துப் பயன்படுத்தினார்களா?
தாக்கம்: அதனால் மக்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறியதா?

வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். மழைமானி வாங்கியது உள்ளீடு. வெள்ள வரைபடம் வெளியீடு. பேரிடர் மேலாண்மை அதிகாரிகள் அதைப் பார்த்து முடிவெடுத்தால் விளைவு. திருமுடிவாக்கத்தில் ஒரு குடும்பம் தண்ணீர் வருவதற்கு முன்பே ரேஷன் கார்டையும் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிந்தால் அது தாக்கம்.

முதல் இரண்டு படிகளை எண்ணுவது சுலபம், எக்ஸெல் ஷீட் போதும். பின் இரண்டு படிகளுக்கு வெளியே போய் விசாரிக்கணும். அதனால்தான் பல அறிக்கைகள் இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. "ரூ.2 கோடிக்குக் கருவி வாங்கினோம்" என்று ஒரு அறிக்கையில் பெருமையாக இருந்தால், அது செலவுக் கணக்கு. சாதனைக் கணக்கு இனிமேல்தான் வரணும்.

எண்ணும்போது வழுக்கும் இடங்கள்

எண்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஜினியர்கள் நாம் அப்படிச் சொல்லலாமா? ஆனால் நாலு இடத்தில் கவனம் வேண்டும்.

1. எதால் வகுக்கிறோம்? 'அ' மையத்தில் 10 ஆசிரியர்கள், 60 கட்டுரைகள். 'ஆ' மையத்தில் 4 ஆசிரியர்கள், 28 கட்டுரைகள். மொத்தம் பார்த்தால் 'அ' முன்னணி. தலைக்கு எத்தனை என்று பார்த்தால் 6-க்கு 7 என்று 'ஆ' முந்துகிறது.

2. சராசரி ஏமாற்றும். ஐந்து கட்டுரைகளுக்கு 1, 1, 2, 3, 93 சைட்டேஷன் என்றால் சராசரி 20. கேட்க நல்லாத்தான் இருக்கு. நடு எண் எனும் மீடியன் என்ன? வெறும் 2. ஒரு சிக்ஸரை வைத்து மொத்த இன்னிங்ஸையும் எடை போட முடியாது.

3. ஹெச்-இன்டெக்ஸ். ஹெர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்தது. குறைந்தது 10 சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகள் 10 இருந்தால் ஹெச்-இன்டெக்ஸ் 10. இதில் ஒரு வேடிக்கை: சைட்டேஷன்கள் கூடுமே தவிரக் குறையாது என்பதால் இந்த எண் இறங்கவே இறங்காது. மையத்தைப் பூட்டிவிட்டுப் போனாலும் பழைய கட்டுரைகள் புண்ணியத்தில் அது ஏறலாம்! அப்படிப்பட்ட எண் "இந்த வருஷம் எப்படி?" என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லும்?

4. ஜன்னலின் அகலம். ஒரு இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, முந்தைய இரண்டு வருஷத்தில் அதில் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருஷம் சராசரியாக எத்தனை சைட்டேஷன் கிடைத்தது என்பதுதான். புவி அறிவியலுக்கு இரண்டு வருஷம் ரொம்பக் குறுகிய ஜன்னல். உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு உலகப் புவியியல் புத்தகங்களில் 'சார்னோகைட்' என்று பெயர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தப் பெயரை வைத்தார்; 1900-ல் விரிவான நூலும் எழுதினார். 120 வருஷம் தாண்டியும் அந்தப் பாறையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். 1902-ல் ஒரு கமிட்டி உட்கார்ந்து சைட்டேஷன் எண்ணியிருந்தால் அவருக்கு எவ்வளவு மார்க் கிடைத்திருக்கும்?

ஒரு கோடு அளந்த வருஷம்

இதே பரங்கிமலை பக்கத்திலிருந்து இன்னொரு கதை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலியை மறுபடி மறுபடி நீட்டி வைத்து அளந்த வேலை. வெயிலில் எஃகு நீளும் என்பதால் தெர்மாமீட்டர் பார்த்துத் திருத்தம் வேறு. இந்த ஒரு கோட்டுக்கு 57 நாள் ஆனது.

அந்த வருஷ அறிக்கையில் என்ன எழுதியிருக்க முடியும்? "ஒரு கோடு அளந்தோம்", அவ்வளவுதான். ஆனால் அங்கே தொடங்கிய பெரும் முக்கோண அளவீடுதான் பல பத்தாண்டுகள் கழித்து இமயமலை வரை போய் எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. அடிக்கோடு தப்பாகியிருந்தால் மேலே வந்த ஒவ்வொரு முக்கோணமும் தப்பாகியிருக்கும். அதனால் அந்த வருஷத்துக்கான சரியான கேள்வி "எத்தனை கோடு?" என்பது இல்லை, "எவ்வளவு துல்லியம்?" என்பது.

யாரும் கைதட்டாத வேலை

புவி அறிவியலில் மதிப்பே இல்லாமல் நடக்கும் பெரிய வேலை ஒன்று உண்டு: ஒரே இடத்தில், ஒரே முறையில், விடாமல் அளந்துகொண்டே இருப்பது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் கீலிங், 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். முதல் அளவு பத்து லட்சத்தில் 313 பங்கு. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. பருவநிலை மாற்றம் பற்றிய எந்த வகுப்பிலும் முதலில் காட்டும் வரைபடம் அவருடையதுதான். அந்த அளவீடே 1964-ல் நிதிக் குறைப்பால் சில மாதம் நின்றுபோனது. வரைபடத்தில் அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது. விட்டுப்போன மாதத்தை எந்த நிதியாலும் திரும்ப வாங்க முடியாது.

இதை எப்படி மார்க்காக மாற்றுவது? கணக்கு எளிது. ஒரு மையம் 20 கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 240 அளவு வரணும். வந்தது 216. அதாவது 90 சதவீதம். சூப்பர் மார்க் இல்லையா?

கொஞ்சம் பொறுங்க. விட்டுப்போன 24 எது? வருஷம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் மழையில் போக முடியாமல் 12 கிணறுகளுக்கு நவம்பர், டிசம்பர் அளவு மொத்தமாக விட்டுப்போயிருந்தால்? நம் ஊரில் நிலத்தடி நீர் ஏறுவதே வடகிழக்குப் பருவமழையில்தான். தெரிந்துகொள்ள வேண்டிய அந்த இரண்டு மாதத்தையே தொலைத்துவிட்டு 90 மார்க் வாங்கியதாக அர்த்தம்.

கணிப்புக்கும் மார்க் உண்டு

வெள்ள எச்சரிக்கை தரும் மையம் என்றால் நேரடியாகவே சோதிக்கலாம். ஒரு பருவத்தில் 10 முறை தண்ணீர் புகுந்தது, அதில் 8 முறை முன்பே சொன்னார்கள் என்றால் பிடித்த விகிதம் 80 சதவீதம். மொத்தம் 12 முறை எச்சரித்து, அதில் 4 முறை ஒன்றும் நடக்கவில்லை என்றால் பொய் எச்சரிக்கை 33 சதவீதம். இரண்டையும் சேர்த்தே பார்க்கணும். தினமும் "வெள்ளம் வரும்" என்று சொன்னால் ஒரு வெள்ளமும் தப்பாது. ஆனால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

மூன்றாவதாக ஒன்று: எத்தனை மணி நேரம் முன்பு? தண்ணீர் வாசலுக்கு வந்தபிறகு வரும் எச்சரிக்கை நூற்றுக்கு நூறு சரியாக இருந்து என்ன பயன்?

ஒரு பக்க ரிப்போர்ட் கார்டு

இதுவரை பார்த்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு மையத்தின் வருஷத்தை ஆறு வரியில் கேட்கலாம்.

1. தலைக்கு எத்தனை கட்டுரை. சைட்டேஷனின் நடு எண் என்ன? ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காமல் மூன்று அல்லது ஐந்து வருஷச் சராசரியாகப் பார்க்கணும்.
2. தொடர் அளவீடுகள் எத்தனை சதவீதம் முழுமை. விட்டுப்போனவை எந்த மாதம்?
3. அளந்த தரவு வெளியாட்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறதா?
4. கணிப்புகள் எத்தனை பலித்தன, எவ்வளவு நேரம் முன்பே?
5. மாநகராட்சி, நீர்வளத் துறை, ஊராட்சி என்று யார், எந்த முடிவுக்கு இந்த மையத்தின் வேலையைப் பயன்படுத்தினார்கள்?
6. சேர்ந்த மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்?

ஒப்பிடும்போது முதலில் அந்த மையத்தின் போன வருஷத்தோடு ஒப்பிடுங்கள். கணினியிலேயே வேலை முடிகிற துறையையும், படகும் டிரில்லிங் ரிக்கும் வேண்டிய துறையையும் ஒரே பட்டியலில் போட்டால் யாருக்கும் நியாயம் கிடைக்காது.

இந்தக் கார்டையும் ஏமாற்றலாமா? தாராளமாக. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975-ல் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு அளவையே இலக்காக்கிவிட்டால் அந்த அளவு கெட்டுப்போகும். முழுமைக்கு மார்க் என்றால், கிணற்றை எட்டிப்பார்க்காமலே ரீடிங் எழுதும் ஆளும் வருவார். ஆராய்ச்சியை இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து எடை போடாதீர்கள் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னதும், எண்கள் நிபுணர்களின் தீர்ப்புக்குத் துணையாகத்தான் இருக்கணும் என்று 2015-ல் லைடன் அறிக்கை சொன்னதும் இந்தக் காரணத்தால்தான். துறை தெரிந்த இரண்டு பேர் நேரில் வந்து, கருவி ஓடுகிறதா, நோட்டுப் புத்தகத்தில் எழுதியது கிணற்றோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு ஈடான ஃபார்முலா எதுவும் இல்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ப்ராஜெக்ட்டுக்காக ஒரு மையத்துக்குப் போகும்போது வரவேற்பறையில் மாட்டியிருக்கும் ரேங்க் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். "போன நவம்பர் மாத டேட்டா இருக்கா சார்? பார்க்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். உடனே கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார்கள் என்றால், தைரியமாகச் சேரலாம்.