உங்களுக்குத் தெரியுமா? ஊர்ப் பெயர் இல்லாத சீட்டு

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பதினாறு வயதில், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரை வீட்டை விட்டுத் தனியே கிளம்பினார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். சீட்டில் போகிற ஊரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. காசு தீர்ந்ததும் மாம்பழப்பட்டிலிருந்து அறையணிநல்லூருக்குப் பத்து மைல் நடை. கீழூரில் தண்ணீருக்காகக் காத்திருந்தபோது மயங்கி விழுந்தார். கையிலிருந்த கோயில் சோறு தரையில் சிதறியது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். அவர்தான் ரமண மகரிஷி.

அவர் இருக்கும் இடம் வீட்டாருக்குத் தெரிய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று. தாய் அழகம்மாள் அந்த நாட்களை எப்படிக் கழித்தாரோ, நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

இன்றும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கக் காடுகளில் தனியே நடக்கப் போகிறவர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். சீமைக்கருவேலப் புதருக்குள் நாலாபுறமும் ஒரே மாதிரி இருக்கும். பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாது, முள் செருப்பையே துளைக்கும். வழி தவறினால் உள்ளே உள்ளே போகாதீர்கள். கண்மாய்க் கரை கண்ணில் பட்டால் ஏறி நில்லுங்கள்: தூரத்து ஊர் தெரியும், தேடி வருபவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். கோடையில் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கும். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அவசர உதவிக்கு 112.